கோபுரத்துக்குக் கீழே தண்ணீர்

பெங்களூருக்கு வரும் சொந்தக்காரர்களை லால்பாக் கூட்டிப் போவது எங்கள் வீட்டு வழக்கம். கண்ணாடி மாளிகை, பூக்கடிகாரம் எல்லாம் காட்டி முடித்து, மூச்சு வாங்க வாங்கப் பாறைமேல் ஏற்றி, "இதுதான் கெம்பேகவுடா கோபுரம்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: "இதுவா?"

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தஞ்சாவூரும் ஸ்ரீரங்கமும் பார்த்த கண்ணுக்கு இது கோபுரமே இல்லை. கீழே சின்னதாக ஒரு கல் மண்டபம். உள்ளே நாலைந்து பேர் நெருக்கி நின்றால் இடம் தீர்ந்துவிடும். அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து ஒரு குட்டிச் சிகரம். பெரிய கோயில் விமானத்தின் நுனியை மட்டும் பிய்த்துக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கும். அதைத் தாங்கி நிற்கும் பாறையின் கதை வேறு. சுமார் 300 கோடி வருஷம் பழைய பாறை அது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்துப் பலகையும் வைத்திருக்கிறது. படம் எடுக்கிறவர்கள் என்னவோ கோபுரத்தைத்தான் எடுக்கிறார்கள்.

இந்த மாதிரிக் கோபுரங்கள் மொத்தம் நான்கு. தெற்கே லால்பாக், கிழக்கே அல்சூர் ஏரி, வடக்கே மேக்ரி சர்க்கிள், தென்மேற்கே கவிபுரத்துக்குப் பக்கத்தில் கெம்பாம்புதி ஏரி. நான்கில் இரண்டு ஏரிக்கரையில் இருப்பதைக் கவனியுங்கள். நான் சொல்ல வருவதே அதைப் பற்றித்தான். அதற்கு முன் ஊர் சொல்லும் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கதை இது. விஜயநகரப் பேரரசுக்குக் கீழே யலஹங்காவை ஆண்ட கெம்பேகவுடா, 1537இல் மண்கோட்டை கட்டிப் பெங்களூரை உண்டாக்கினார். இன்றைய சிக்பேட்டையும் தொட்டபேட்டையும் சந்திக்கும் இடத்தில் நாலு ஜோடி மாடுகளை ஏரில் பூட்டி நாலு திசைக்கும் ஓட்டச் சொன்னார். உழவு சால் போன வழி தெருவாயிற்று, மாடு நின்ற இடம் கோட்டை வாசலாயிற்று. அந்த வாசல்களில் ஒன்றின் பெயர்தான் இன்னும் அல்சூர் கேட் என்று நிற்கிறது. (அல்சூர் கேட்டில் இறங்கி அல்சூரைத் தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து அல்சூர் நாலு கிலோமீட்டருக்கு மேல்.) கோட்டைக்கு வெளியே, தூரத்தில், நான்கு கோபுரங்கள் எழுப்பி, "என் ஊர் இதுவரைக்கும் வளரும்" என்றார் என்பது ஒரு வடிவம். "இதைத் தாண்டினால் ஊருக்குக் கேடு" என்றார் என்பது இன்னொன்று. மழை பெய்து சில்க் போர்டு சந்திப்பில் வண்டிகள் நகராமல் நிற்கும் நாளில் ஆட்டோக்காரர்கள் சொல்வது இரண்டாவது வடிவம்.

கட்டியது ஊரை உண்டாக்கிய கெம்பேகவுடாவா, அவருக்குப் பின் வந்த கெம்பேகவுடாவா என்பதில் இரண்டு தரப்பு உண்டு. எப்படியும் நானூறு வருஷத்துக்குக் குறையாது. அதற்குள் ஊர் பல கை மாறிவிட்டது. 1638இல் பீஜப்பூர் படை பிடித்தது, ஷாஜி போன்ஸ்லேயின் ஜாகீராக இருந்தது, 1687இல் மொகலாயர் கைக்குப் போய், மூன்று லட்சம் ரூபாய்க்கு மைசூர் சிக்கதேவராஜ உடையாரிடம் வந்தது. கோபுரங்களை இடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு சின்னதாக இருப்பதில் ஒரு சௌகரியம் அது.

எல்லைக்கல் கதையில் எனக்குள்ள சந்தேகம் தூரக் கணக்கில் வருகிறது. சிக்பேட்டையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் லால்பாக் கோபுரமும் கெம்பாம்புதி கோபுரமும் இரண்டரை, மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. அல்சூரும் மேக்ரி சர்க்கிளும் ஐந்து கிலோமீட்டர் அளவில் போகின்றன. எல்லை குறிக்கிறவர் ஒரு பக்கம் இரண்டு மடங்கு தள்ளி வைப்பாரா? வைக்கலாம், ராஜா இஷ்டம். ஆனால் இடத்தைப் போய்ப் பார்த்தால் வேறு காரணம் புரிகிறது. தூரம் பார்த்து இடம் பிடிக்கவில்லை, மேடு பார்த்துப் பிடித்திருக்கிறார்கள்.

காவல் கோபுரம் என்கிறார்கள். அந்தச் சின்ன மண்டபத்துக்குள் ஏறிப் பார்க்க என்ன இருக்கிறது? பாறையில் நின்றாலே தெரிவதுதான் அங்கிருந்தும் தெரியும். காவலுக்குப் பாறை போதும். காவல்காரனுக்கு வெயிலுக்கு ஒரு நிழல், ராத்திரியில் தீப்பந்தம் அணையாமல் ஒரு மறைப்பு, தூரத்திலிருந்து வருகிறவனுக்கு இங்கே ஒரு ஊர் இருக்கிறது என்று ஒரு அடையாளம். மண்டபம் அதற்குத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கெம்பாம்புதிக்கு நான் போனது ஒரு மேஸ்திரியோடு. எங்கள் அடுக்ககத்தில் படிக்கட்டுக் கல் மாற்ற வந்தவர், காவேரிப்பட்டினத்துக்காரர், கல்வேலையிலேயே தலை நரைத்தவர். "கவிபுரம் பக்கம் பழைய கல்லுக் கட்டடம் ஒண்ணு இருக்கு, வர்றீங்களா அண்ணா?" என்றதும், "ஞாயித்துக்கிழமைன்னா வரேம்மா" என்றார். அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, நேஷனல் காலேஜில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. மெஜஸ்டிக் நிலையத்துக்கும் கெம்பேகவுடா பெயர்தான். மேலே உள்ள பேருந்து நிலையம் நிற்பது தர்மாம்புதி என்ற ஏரி இருந்த இடத்தில். ஏரியைத் தூர்த்து அதன்மேல் ஏரி வெட்டியவர் பெயரை எழுதுவது நம் ஊர்களுக்கே உரிய கைத்திறன்.

கவிபுரத்தில் குகைக்குள் கங்காதரேஸ்வரர் இருக்கிறார். மகர சங்கராந்தி மாலையில் வெயில் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து லிங்கத்தின்மேல் விழும் கோயில். அன்றைக்குத்தான் கூட்டம் தாங்காது. மற்ற நாளில் அர்ச்சகரும் பூக்காரம்மாவும் ஒன்றிரண்டு பேரும். அங்கே கும்பிட்டுவிட்டுக் கோபுரத்துக்குப் போனோம்.

பாறைமேல் ஏறியதும் நான் கோபுரத்தைப் பார்த்தேன். மேஸ்திரி பாறையைப் பார்த்தார். அதன் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, விரலை ஒரு குழிக்குள் விட்டு, "இத பாரும்மா" என்றார். ஒரே நேர்கோட்டில், விரல் நீளத்துக்கு, சிறு சிறு குழிகள். ஆப்புக் குழிகள். வரிசையாக உளியால் குழி எடுத்து, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பை வைத்து, சம்மட்டியால் முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வோர் அடியாகத் தட்டிக்கொண்டே போவார்கள். ஒரே ஆப்பை ஓங்கி அடித்தால் கல் தாறுமாறாகப் பிளக்கும். எல்லா ஆப்பும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால், குழிகளைச் சேர்த்துக் கோடு கிழித்த மாதிரிப் பிளந்து வரும். "சத்தம் மாறும்மா. ணங்கு ணங்குன்னு கேட்டுட்டே இருக்கும், ஒரு அடியில டொப்புன்னு ஆயிடும். அப்ப கல்லு விட்டுடுச்சுன்னு அர்த்தம்."

இங்கே மட்டும் அந்தக் கல் விட்டுக் கொடுக்கவில்லை. குழிகள் எடுத்து, ஆப்பு வைக்காமலோ வைத்துப் பலிக்காமலோ அப்படியே கைவிட்டிருக்கிறார்கள். எந்தக் காலத்து வேலை என்று கேட்டேன். "அதெல்லாம் குழிய பாத்துச் சொல்ல முடியாது. எங்க தாத்தா எடுத்த குழியும் இப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கோபுரம் கட்டியவர்கள் எடுத்தது என்று சொல்லி என்னை ஏமாற்றியிருக்கலாம், நானும் சந்தோஷமாக நம்பியிருப்பேன்.

இன்னொரு முறையும் உண்டு. பாறைமேல் விறகை அடுக்கித் தீ மூட்டி, சூட்டில் மேல்பாறை மட்டும் உப்பிப் பாளமாகக் கிளம்பும்படி செய்வது. பெங்களூர்ப் பாறை அதற்குத் தோதானது. பழைய வீடுகளின் கூரைக்கும் சாக்கடை மூடிக்கும் போட்ட சப்படிக் கல், திராட்சைத் தோட்டத்துக் கல் கம்பம் எல்லாம் இந்தப் பாளம் எடுக்கும் கைகளில் இருந்து வந்தவை. கோபுரத்தின் கீழ்ப்பகுதி கல், மேலே செங்கல் என்று ஏன் மாறுகிறது என்றும் அவரிடம் கேட்டேன். "மேல கல்ல ஏத்துறதுக்கு ஆளும் சாரமும் வேணும். செங்கல்லுன்னா ரெண்டு பேரு போதும். அப்புறம் சுதையில பூ, எலைன்னு எது வேணாலும் பண்ணிக்கலாம்." இவ்வளவுதான். கட்டடக்கலை நூல்கள் இதையே நீட்டிச் சொல்லும்.

அவர் முகம் சுளித்தது பிற்காலப் பூச்சைப் பார்த்துத்தான். சுண்ணாம்புச் சாந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்தது, உள்ளே போன ஈரத்தை மூச்சு விடுவது போல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். ஒரு நாள் பூச்சு பத்தையாக விழும்போது செங்கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். இடுக்கில் முளைத்த அரசங்கன்றை மேலாகக் கிள்ளிவிடுவதிலும் பயனில்லை, வேர் உள்ளே தடித்துக்கொண்டே போகும் என்றார். பழைய கட்டடத்தைக் கெடுப்பதில் காலத்துக்குப் பாதிப் பங்கு, ரிப்பேருக்குப் பாதிப் பங்கு.

சரி, ஏரிக்கு வருகிறேன்.

பாறையிலிருந்து பார்த்தால் கெம்பாம்புதி கீழே விரிகிறது. தூரத்துக்கு அழகு. நடைபாதை, வேலி, கரையோரம் மரங்கள் எல்லாம் உண்டு. காற்று இந்தப் பக்கம் திரும்பினால்தான் விஷயம் தெரியும். சுற்றியுள்ள பேட்டைகளின் கழிவுநீர் பல வருஷமாகக் கலந்து, ஏரி ஏரியாக இல்லை. மேஸ்திரி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தத் தண்ணி எங்கம்மா போகுது?" என்றார்.

பெங்களூர் ஒரு முகட்டின்மேல் உட்கார்ந்த ஊர். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே, வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத இடம். பெய்யும் மழை முகட்டின் இரு பக்கமும் வழிந்துவிடும். வழிவதைப் பிடிக்கத்தான் ஏரிமேல் ஏரியாக, ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போகும்படி வெட்டினார்கள். மேற்குச் சரிவில் இருப்பது கெம்பாம்புதி. இதன் தண்ணீர் விருஷபாவதிக்குப் போகிறது, விருஷபாவதி அர்க்காவதியில் சேர்கிறது, அர்க்காவதி கனகபுராவுக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரியில் விழுகிறது. அதற்கப்புறம் மேட்டூர். கிழக்குச் சரிவில் இருப்பது அல்சூர். அந்தத் தண்ணீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் கலக்கிறது. ஓசூரில் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், கடைசியில் கடலூர்.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது. காவேரிப்பட்டினம் தென்பெண்ணைக் கரை. "அப்ப கெலவரப்பள்ளியில நொரை பொங்குதே, டிவியில காட்டுறாங்களே, அது நம்ம அல்சூர் பக்கத்துத் தண்ணிதானா?" அதுவும் சேர்ந்ததுதான் என்றேன். "நான் இங்க குளிக்கிற தண்ணி எனக்கு முன்னாடி ஊருக்குப் போயிடுது" என்று சிரித்தார்.

இரண்டு கோபுரங்கள், இரண்டு ஏரிகள், இரண்டு சரிவுகள். ஒன்றின் தண்ணீர் காவிரிக்கு, மற்றதன் தண்ணீர் தென்பெண்ணைக்கு. கோபுரம் வைத்தவர் மனத்தில் தமிழ்நாட்டு அணைகள் இருந்திருக்காது என்பது வாஸ்தவம். ஆனால் பாறை முடிந்து நிலம் தண்ணீருக்கு இறங்கத் தொடங்கும் இடம் எதுவென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நகரத்தின் எல்லை என்று நாம் படிக்கும் கோபுரங்களை, இந்த முகட்டு ஊர் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்க முடியும் என்பதற்குப் போட்ட குறியாகப் படித்தால் எனக்கு அதிகம் பொருந்துகிறது. அந்த ஏரிகளை நம்பி வாழ முடிந்தவரை ஊர் ஏறக்குறைய அந்தக் குறிகளுக்குள்தான் இருந்தது. போதாமல் போனபோது, 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து அர்க்காவதித் தண்ணீர் வந்தது. அது போதாமல் 1933இல் திப்பகொண்டனஹள்ளி அணை. அதுவும் போதாமல் 1974இல் காவிரி, சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்துக்கு மோட்டார் வைத்து ஏற்றப்பட்டு வந்தது. 2024 கோடையில் டேங்கர் லாரிக்கு வரிசையில் நின்றது எங்கள் அடுக்ககமும்தான். அந்த வருஷம் அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தைத் திறந்தார்கள். இன்று மாநகரம் 700 சதுர கிலோமீட்டருக்கும் மேல். காவிரி இவ்வளவு மேலே ஏறி வருகிறது, பயன்படுத்தியபின் பாதி ஊரிலிருந்து தென்பெண்ணைக்கு இறங்குகிறது. ஒரு ஆற்றை எடுத்து இன்னோர் ஆற்றில் விடுகிறோம்.

அல்சூர்க்காரர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். 1809இல் கண்டோன்மெண்ட் வந்தபோது பட்டாளத்தோடு வந்த தமிழர்கள் குடியேறிய பகுதி இது. ராணுவத்தின் பொறியியல் படையான மதராஸ் சாப்பர்ஸ் இன்றும் ஏரிக்கரையில்தான் இருக்கிறார்கள். தமிழ்ச் சங்கம் பக்கத்தில். ஏரியருகே திருவள்ளுவர் சிலை 1991இல் வந்தது. அதே வருஷக் கடைசியில் காவிரிக்காகக் கலவரம் நடந்தது. வள்ளுவர் 18 வருஷம் துணிக்குள்ளேயே நின்றார். 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி சிலை திறந்தது, நாலு நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. நீரின்றி அமையாது உலகு என்றவரைத் தண்ணீர்ச் சண்டை மூடி வைத்ததை வேறு யாராவது கதையாக எழுதியிருந்தால் மிகை என்றிருப்போம்.

பெங்களூருக்குத் தமிழரா கன்னடரா, "யார் முதலில் வந்தது" என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் மடிவாளம் சோமேஸ்வரர் கோயில் வெளிச்சுவரில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வெங்காலூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்த விவரம் அது. கெம்பேகவுடாவுக்கு ஏறக்குறைய 300 வருஷம் முந்தையது. நிலம் எங்கே என்று சொல்ல அன்றைக்கு அவர்களுக்கு ஏரிதான் அடையாளம். நாம் இன்று மால் பெயரைச் சொல்கிறோம்.

2022 நவம்பரில் விமான நிலையத்தில் கெம்பேகவுடாவுக்கு 108 அடி வெண்கலச் சிலை திறந்தார்கள். விமான நிலையம், பேருந்து நிலையம், மெட்ரோ நிலையம் என மூன்றுக்கும் அவர் பெயர். குறை சொல்லவில்லை, அந்த மரியாதைக்கு உரியவர்தான். கெம்பாம்புதியில் அவர் பெயரில் நிற்கும் கல்லுக்கு இத்தனை பணம் வேண்டாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த இரண்டு கொத்தனார், கன்றை வேரோடு எடுக்க ஓர் ஆள், ஏரிக்குள் வரும் சாக்கடைக் குழாயை அடைக்க ஒரு கையெழுத்து போதும். பலகை வைப்பதானால் கட்டியவர் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: இங்கிருந்து இறங்கும் தண்ணீர் எந்த ஆற்றுக்குப் போகிறது என்று. அல்சூர்ப் பலகையில் தமிழிலும் எழுதச் சொன்னால் வேறு வம்பு வரும், அதனால் படம் வரைந்தாலும் சரி.

போக நினைக்கிறவர்களுக்கு: லால்பாக் கோபுரம் எளிது, கூட்டமும் அதிகம். மேக்ரி சர்க்கிளில் பல்லாரி சாலை வண்டிகளைக் கடப்பதே பாதி வேலை. ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் கெம்பாம்புதிக்குப் போங்கள். காலையில், வெயில் ஏறும் முன், வழுக்காத செருப்பு போட்டுக்கொண்டு. முதலில் கவிபுரம் கோயில், அப்புறம் கோபுரம். மழை பெய்த மறுநாளாக இருந்தால் வாடை குறைவாக இருக்கும், தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.